ஒற்றை மணிக்கு அணையும் விளக்கு

மோடத்தின் பின்னாலிருந்த வயரைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் செருகினாள் புஸ்பராணி. பச்சை விளக்குகள் எரிந்தன. இணையத்துக்கான கடைசி விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே நின்றது.

“எரி, சனியனே!”

எரிந்தது. கணினியில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினாள். மகன் சுஜீவனின் சான்றிதழ்கள் மலேசியக் கல்லூரிக்குப் போகத் தொடங்கின. முடிவுத் திகதி இன்று. கல்லூரி எடுத்தால்தான் விசா. விசா கிடைத்தால்தான் அவன் உயிரோடு திருகோணமலையை விட்டுப் போகலாம். போர் நடந்த 2007இல், ஆமி தேடிப் பிடிக்கும் இருபது வயதுப் பொடியனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பாதி போயிருக்கும். தொலைபேசி ஒரேயொரு தடவை அடித்து ஓய்ந்தது. கடைசி விளக்கு அணைந்தது.

சந்திக் கடை அன்னலட்சுமியின் வேலை அது. ஆமி ட்ரக்கோ, தெரியாத ஆளோ அவர்கள் இருக்கும் உவர்மலைக்குள் திரும்பினால் ஒருதரம் அடித்துவிட்டு வைத்துவிடுவாள். பின்னறை அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுஜீவனுக்கும் கேட்கட்டும் என்று அங்கேயும் ஒரு பழைய போன் இழுத்திருந்தார்கள். ஊராருக்குச் சொல்லியிருந்தது, அவன் கொழும்பில் என்று.

கேற் தட்டும் சத்தம் கேட்டது. மோட்டார்சைக்கிளோடு ஒரு இளைஞன் நின்றான். தோளில் பை.

“அன்ரி, நான் ஹிஸ்புல்லா, கிண்ணியாவில இருந்து வாறன். இன்ரநெற் பிழையாம், பாக்க வந்தனான்.”

“கம்பளைன்ற் குடுத்து எத்தினை நாள்! இண்டைக்குத்தானோ உங்களுக்கு விடிஞ்சது?”

“எனக்கு வெள்ளனவே விடிஞ்சிட்டுது அன்ரி. உங்கட சந்தி செக்பொயின்ரிலதான் மத்தியானமாப் போச்சு.”

வயரை மாற்றிப் பார்த்தான். விளக்கு எரிந்தது. மறுபடி ஒற்றை மணி. அணைந்தது.

“ஆர் இது, ஒருக்கா அடிச்சிட்டு வைக்கிறது?”

“ரோங் நம்பர்.”

“நல்ல கெட்டிக்கார ரோங் நம்பர். நான் வரேக்கையும் அடிச்சிருக்குமே?”

அவன் முன் ஹோலில் இருந்த போனின் வயரில் கொழுவியிருந்த சின்னப் பெட்டியைக் காட்டினான்.

“போனும் இன்ரநெற்றும் ஒரே வயரிலதான் வருது. இந்த பில்டர் இல்லாத போன் ஒண்டு இருந்தாலும், மணி அடிக்கேக்க இன்ரநெற் விழும். இன்னொரு போன் இருக்கோ?”

“இல்லைத் தம்பி. இது ஒண்டுதான்.”

ஹோல் போனைக் கழற்றி மேசையில் வைத்தான். தன் கைத்தொலைபேசியில் அந்த வீட்டு இலக்கத்தை அழுத்தினான். பின்பக்கத்தில் எங்கோ ஒரு மணி மெல்ல அடித்தது.

அவன் இணைப்பைத் துண்டித்தான். பையிலிருந்து புது பில்டர் ஒன்றை எடுத்து, அவள் முகத்தைப் பாராமல் நீட்டினான்.

“இதை அதில கொழுவுங்கோ. நான் கேற்றடியில நிக்கிறன். ஆரும் வந்தா, லைன் பாக்கிறன் எண்டு கதை குடுப்பன்.”

வெளியே போய் யாரிடம் என்ன சொல்வானோ? ஆனால் இன்று அனுப்பாவிட்டால் கல்லூரி இல்லை. வாங்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள்.

கொழுவிவிட்டு வந்து ஹோல் போனையும் பொருத்தி, மறுபடி அனுப்பினாள். பாதியில் அதே ஒற்றை மணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கைப் பார்த்தாள். அசையாமல் எரிந்தது. கிடைத்துவிட்டது என்று கல்லூரியின் பதில் திரையில் விழுந்தது.

கேற்றடிக்கு வந்தாள்.

“போயிட்டுது தம்பி. உள்ளுக்க ஆர் எண்டு நீங்க கேக்கவே இல்லை.”

“கேக்க என்ன கிடக்கு?” மோட்டார்சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான். “உங்கட கம்பளைன்றை ஒபிசில இன்னும் ஒருத்தரும் தொடேல்லை அன்ரி. நானும் சுஜீவனும் ரியூட்டரியில ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள். அனுப்பி முடியுமட்டும் என்னைத் தெரியுமெண்டு அம்மாட்டச் சொல்லாத, பயத்தில உன்னை உள்ளுக்கே விடமாட்டா எண்டவன். காலமை அந்தப் பின்னறைப் போனில இருந்து என்னைக் கூப்பிட்டதே அவன்தான்.”