ஏழு நிமிடப் பொய்

"கிளிப் எந்தக் கம்பெனி, என்ன மாடல், சொல்லுங்க."

டாக்டர் கேட்டது அவ்வளவுதான். கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி மூன்று பதினொன்று.

டைம் கீப்பரும் அதைத்தான் பார்த்தாள். பஸ் டெப்போவில் பத்தொன்பது வருடமாக, வண்டி போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் நிமிடம் பிசகாமல் எழுதுகிறவள். இப்போது கையில் நோட்டு இல்லை. மனசு தானாக எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு இருபதுக்கு அண்ணன் ஏழாவது மாடிக்கு மேலே, லிஃப்ட் மெஷின் ரூமில், ஸ்பேனரும் கையுமாகச் சரிந்தான். இரண்டு ஐம்பதுக்கு கூட வேலை செய்கிறவர்கள் இங்கே கொண்டு வந்து சேர்த்தார்கள். வழியிலேயே பேச்சு போய்விட்டது. வலது கையும்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி தலையில ஆபரேஷன் டாக்டர். ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு கிளிப் போட்டாங்க. அந்த ஆஸ்பத்திரியே இப்ப இல்ல. மூடிட்டாங்க."

"சி.டி.ல கசிவு எதுவும் தெரியல. ஆனா அந்த கிளிப்போட நிழல் பாதிப் படத்தை மறைக்குது. அடைப்பு எங்கன்னு பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்தாகணும். அந்த மெஷினே ஒரு பெரிய காந்தம்மா. சில பழைய கிளிப்பை இழுத்துடும். உள்ளயே நகர்ந்துச்சுன்னா..." டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "ஒரு கார்டு குடுத்திருப்பாங்களே?"

கொடுத்திருந்தார்கள். வீடு மாறும்போது அது எங்கோ தொலைந்தது. ஆனால் அண்ணன் யார்? ஒரு நட்டு வாங்கினால்கூட பில்லை ஸ்கேன் செய்து வைக்கிறவன். அந்த அட்டையின் ஸ்கேனும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

பெட்டி என்பது அவன் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு டிரைவ். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். குடும்பத்துக் காகிதம், படம் எல்லாம் அதில். தங்கைக்கும் அனுமதி கொடுத்திருந்தான். எங்கிருந்தாலும் போனில் திறக்கலாம்.

"பத்து நிமிஷம் குடுங்க டாக்டர்."

"நான் குடுக்க என்னம்மா இருக்கு? அவர் மூளைதான் குடுக்கணும்."

வராந்தாவுக்கு ஓடி வந்து போனில் பெட்டியைத் தட்டினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

'இணைக்க முடியவில்லை.'

மறுபடி. அதே பதில்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் அண்ணன் வீட்டில் இன்டர்நெட்காரர்கள் வைஃபையைத் தொடாமல் மோடத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். "புது மோடத்துல வெளியிலேர்ந்து வர்ற வழியை நான்தான் திறந்து விடணும். ஞாயித்துக்கிழமை பண்றேன்" என்று அவன் சொல்லியிருந்தான். இன்றைக்கு வியாழக்கிழமை.

வெளியிலிருந்து வழி இல்லை என்றால் உள்ளேயிருந்துதான் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது ஒரே ஒரு ஆள்.

அண்ணி.

இருவரும் பேசி எட்டு மாதம் ஆகிறது. கடைசியாக அண்ணி கேட்டது, "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல நான் யாரு? வந்து போற ஆளா?" என்று. "அப்படி ஒரு நாளும் நாங்க நினைச்சதில்ல" என்று இவள் சத்தியம் செய்தாள். அண்ணி நம்பவில்லை. நம்பாததற்காக இவள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முதல் மணியிலேயே போன் எடுக்கப்பட்டது. அண்ணனோடு வேலை செய்கிறவர்கள் அங்கேயும் தகவல் சொல்லியிருந்தார்கள்.

"சொல்லு. உயிரோட இருக்காரா?"

"இருக்கார் அண்ணி. நீங்க எங்க இருக்கீங்க?"

"செருப்பு மாட்டிட்டேன். வண்டி வாசல்ல நிக்குது. அங்க வர ஒண்ணேகால் மணி நேரம்கிறான்."

"கிளம்பாதீங்க! முதல்ல அந்தப் பெட்டியிலேர்ந்து ஒரு அட்டை எடுக்கணும். அது இல்லாம ஸ்கேன் பண்ண மாட்டாங்க."

ஒரு கேள்வியும் வரவில்லை. செருப்பு வீசப்படுகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி டியூஷன் டீச்சர். பரீட்சை நேரத்தில் பேச மாட்டாள்.

"லைட் எரியுதா அண்ணி?"

"ரெண்டு நீலம் எரியுது. ஒண்ணு மினுக்குது."

பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை. "உங்க போன்ல ஒரு ஆப் போடச் சொல்றேன், போடுங்க."

போட்டாள். மணி மூன்று பத்தொன்பது.

"'உங்கள் நெட்வொர்க்கில் சாதனம் எதுவும் இல்லை'ங்குது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கு, இல்லைங்குது பாரு! கண்ணு தெரியாதா இதுக்கு?"

டைம் கீப்பருக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. 

இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணி ஏதோ 'பார்சல் வந்திருக்கிறது' என்கிற போலி லிங்கைத் தட்டிவிட்டாள். அண்ணன் பதறிப்போய் அவள் போனுக்குத் தனியாக ஒரு வைஃபை போட்டான். 'வீடு 2' என்று பேர் வைத்தான். ஹோட்டல்களில் விருந்தாளிகளுக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. இன்டர்நெட் வரும். வீட்டுக்குள் இருக்கும் வேறெந்தச் சாதனத்தையும் தொட முடியாது. அன்றைக்கே தங்கைக்குப் போன் செய்தான். "உன் அண்ணிக்கு விருந்தாளி வைஃபை போட்டுட்டேன். சொல்லிடாதே, என்னைக் கொன்னுடுவா."

இவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள்.

நிஜமான வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு இவளுக்குத் தெரியும். அண்ணனோடு இருபத்திரண்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியாது. இப்போது அதைச் சொன்னால், அன்றைக்குச் செய்த சத்தியம்?

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"பெட்டியை... ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணி. சில சமயம் அப்படித்தான்."

பொய். பச்சைப் பொய்.

பெட்டி அணைந்து மறுபடி எழ ஏழு நிமிடம் ஆகும். அதற்குள் வேறு வழி ஏதாவது தோன்றும் என்று நினைத்தாள். அண்ணனின் லேப்டாப்? பூட்டியிருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள்? அவர்களுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தோன்றவில்லை. 

மூன்று இருபத்தாறு. தூரத்தில் 'பீப்' என்றது.

"எழுந்துடுச்சு. இப்பவும் இல்லைங்குது." முதல் முறையாக அண்ணியின் குரல் நடுங்கியது. "எதையாவது சொல்லு. நீதான் இதெல்லாம் தெரிஞ்சவ."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அந்த கார்டு கிடைச்சுதா? கூப்பிட்டா இப்ப கண்ணைத் திறக்க மாட்டேங்கறார்."

அதற்கு மேல் சத்தியமாவது மானமாவது.

"அண்ணி, நீங்க எந்த வைஃபைல இருக்கீங்க?"

"நம்ம வீட்டுதுலதான். வீடு இரண்டு."

"அதுக்குக் கீழ வெறும் 'வீடு'ன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. அது மாடி வீட்டுக்காரங்களோடதுன்னு உங்க அண்ணன் சொன்னாரே."

"இல்ல. அதுதான் நம்ம வீட்டுது. பாஸ்வேர்டு நான் சொல்றேன், போடுங்க."

 நான்கு விநாடி. இவள் எண்ணினாள்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணி."

"சொல்லு."

அண்ணன் முதன்முதலில் தனியாகப் பழுது பார்த்த லிஃப்டின் நம்பர் அது. எழுத்தும் எண்ணுமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். அண்ணி டிக்டேஷன் வாங்குகிற மாதிரி திருப்பிச் சொல்லிக்கொண்டே போட்டாள்.

"பெட்டி வந்துடுச்சு. பேர் கேக்குது."

"என் பேரைப் போடுங்க. பாஸ்வேர்டு அதேதான்."

"என் பேர் போட்டா?"

"உங்க பேர்ல... இல்ல அண்ணி."

"சரி."

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக இவள் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"அப்பா அம்மா..." அண்ணி உள்ளே இருந்த பேர்களை வாசித்துக்கொண்டே போனாள். "வீட்டுப் பத்திரம்... அட, என் டிகிரி சர்டிபிகேட்! போன வருஷம் பூரா பீரோவைப் புரட்டிட்டிருந்தேன். 'பொறுமையாத் தேடு, கிடைக்கும்'னு பக்கத்துல நின்னு சொன்னாரு மனுஷன்... இந்தா, ஆஸ்பத்திரி. இருக்கு. அனுப்பிட்டேன். நான் கிளம்பறேன்."

மூன்று முப்பத்து மூன்று.

டாக்டர் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தார். எங்கோ போன் செய்து நம்பரைச் சரிபார்த்தார். "டைட்டானியம். பயமில்ல. உள்ள கொண்டு போங்க!"

ஸ்ட்ரெச்சர் ஓடியது.

ஆறரை மணிக்கு டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். "அடைப்பை எடுத்துட்டோம். உயிருக்கு ஆபத்து இல்ல. கையும் பேச்சும் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"டாக்டர்... ஒரு ஏழு நிமிஷம் முன்னாடி கிடைச்சிருந்தா?"

"அந்தக் கணக்கெல்லாம் எழுதி வைக்காதீங்கம்மா." அவர் போய்விட்டார்.

"எந்த ஏழு நிமிஷம்?"

பின்னால் அண்ணி. வந்ததிலிருந்து ஒரு நாற்காலி தள்ளியே உட்கார்ந்திருந்தாள். 

டைம் கீப்பர் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பெட்டியை அணைக்கத் தேவையே இருக்கவில்லை என்பதையும் சொன்னாள்.

அண்ணி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விருந்தாளின்னு அவர் சொன்னப்போ நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

"அந்த ஏழு நிமிஷமும் நான் அந்தப் பெட்டி மேல கையை வெச்சுக்கிட்டு நின்னேன். சூடா இருந்துச்சு. எழுந்திரு, எழுந்திருன்னு கெஞ்சிட்டு நின்னேன்."

நர்ஸ் கதவைத் திறந்தாள். "ஒருத்தர் மட்டும் பார்க்கலாம். ஃபார்ம்ல கையெழுத்துப் போட்ட தங்கச்சி யாரு?"

டைம் கீப்பர் எழுந்திருக்கவில்லை. "அவர் மனைவி வந்திருக்காங்க" என்றாள்.

அண்ணி புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். கதவருகே போய் நின்றாள்.

"அவர் நல்லானப்புறம் நான் அந்த ஏழு நிமிஷத்தைப் பத்தி அவர்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள், திரும்பாமல். "நீதான் சொல்லணும்."

கதவு மூடியது.

மணி ஆறு நாற்பத்தொன்று. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் டைம் கீப்பர் நினைத்தாள். முடியவில்லை.