ரிங் லைட்டில் எடுத்த போட்டோ

"நார்மல்தானாம்க்கா. போட்டோ பாத்துட்டு கிளினிக்ல சொல்லிட்டாங்க."

தங்கை போனை நீட்டினாள். முந்தின நாள் மதியம் மார்பைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு சாயங்காலமே தன் அறைக்கு வந்துவிட்டவள். என்னைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தோம்.

போட்டோவில் எல்லாம் ரோஜா நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அவள் முகம் அப்படி இல்லை.

"வலி எப்படி இருக்கு?"

"வலது பக்கம் பரவால்ல. இடதுதான் கல்லு மாதிரி இறுகிட்டே போகுது."

"எங்க, காட்டு."

"உன்கிட்டயா? போக்கா."

"சின்ன வயசுல உன்னக் குளிப்பாட்டினவ நான். காட்டுடீ."

கீழே அவளுடைய பியூட்டி பார்லர், மேலே இந்த ஒற்றை அறை. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு ரிங் லைட்டை மட்டும் எரியவிட்டிருந்தாள். பார்லருக்கு வருகிறவர்களை அலங்காரத்துக்கு முன்னால் டியூப் லைட்டிலும், பின்னால் இந்த விளக்கிலும் படம் எடுப்பாள். பாதி அழகு விளக்கோடதுதான் என்று அவளே சிரித்திருக்கிறாள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது.

"போட்டோவ இதுலயா எடுத்த?"

"ஆமா, பழக்கதோஷம். இதுலதான தெளிவா விழும்?"

எழுந்துபோய்த் திரையை விலக்கினேன். பகல் வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. இடது பக்கம் வீங்கி, தோல் மினுமினுவென்று விறைத்திருந்தது. காம்பைச் சுற்றிக் கத்திரிக்காய் நிறம்.

கிளினிக்குக்குப் போன் போட்டேன்.

"வீக்கம் இருக்கத்தான் செய்யும் மேடம். ஐஸ் வைங்க."

"ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட குடும்மா."

"சார் வெளியூர் மேடம். அடுத்த வாரம்தான் வருவாரு."

"அவரு பிளாஸ்டிக் சர்ஜன்தானே?"

"அழகு சிகிச்சையில நல்ல அனுபவம் மேடம்."

நான் கேட்டது அது இல்லை. வைத்துவிட்டேன்.

"கிளம்பு. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட போறோம்."

தங்கைக்கு முகம் செத்துவிட்டது. அந்த டாக்டரம்மாவைத்தான் முதலில் பார்த்திருந்தாள். பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்றே தனியாகப் படித்தவர். தழும்பு எங்கெங்கே வரும் என்று படம் போட்டுக் காட்டி, உடம்பு எடை ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்றார். இவளுக்குப் பொறுமை இல்லை. 'தழும்பே தெரியாது' என்ற கிளினிக்குக்கு ஓடினாள். அங்கே சுவரில் மாட்டியிருந்த 'முன்னே பின்னே' படங்களைப் பார்த்து, அதே வேலையைத் தினமும் செய்கிறவளே மயங்கிவிட்டாள்.

"திட்டுவாங்கக்கா. மூஞ்சிய எங்க வச்சுப்பேன்?"

"மூஞ்சிய எங்க வேணா வச்சுக்க. இப்ப மார்பு போயிடும்டீ, எரும!"

டாக்சி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் என் கையை நெரித்தாள்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா வந்ததும், "இந்த லைட்ட அணைங்களேன், கூசுது" என்றாள் தங்கை.

"இதுலதாம்மா நிஜ நிறம் தெரியும்." விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். "உள்ள ரத்தம் கட்டி அமுக்குது. அழுத்தி விட்டா சிவப்பு திரும்பணும், திரும்பல. தோலுக்கு ரத்த ஓட்டம் சரியாப் போகல. கையத் தூக்கினியா?"

"தலை பின்னிக்கிட்டேன்..."

"தூக்கக் கூடாதுன்னு சொல்லலையா அவங்க?"

"ஒரு பட்டை மாத்திரைதான் குடுத்தாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நர்சைக் கூப்பிட்டு தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

"தையலப் பிரிச்சு ரத்தத்த எடுக்கணும். தழும்பு பெருசாவே இருக்கலாம். காம்பு பிழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. சம்மதமா?"

தங்கை என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரை.

"தழும்பு வரட்டும் டாக்டர்."

தியேட்டர் கதவு திறக்கும்வரை வெளியே நின்றேன். உட்காரத் தோன்றவில்லை.

மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்தவள் முதலில் கேட்டது, "என்ன நிறம்க்கா?"

பார்ப்பதற்கென்று கட்டுத்துணியில் கொஞ்சம் இடம் திறந்து விட்டிருந்தார்கள். குனிந்தேன். "ஓரத்துல கறுப்பாத்தான் இருக்கு."

"போட்டோ எடுத்துக் காட்டு."

"போட்டோ கீட்டோ ஒண்ணும் வேணாம். நான் பாத்துச் சொல்றேன்."

நர்ஸ் வந்து நடுவில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அந்த இடம் வெளுத்தது. இன்னும் குனிந்து பார்த்தேன். மெதுவாகச் சிவப்பு திரும்பியது.

"வருதுடீ," என்றேன். "ரத்த ஓட்டம் வருது."