வாளிக்குள் ஓடிய கேர்னல்

கலாநிதி ஜெயந்தன் சேர் எழுதிய கணினி நிரலில் பிழை இருக்க முடியாது என்பது எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தின் எழுதப்படாத விதி. எழுதப்பட்ட விதிகளில் சிற்றுண்டிச்சாலைக்கு மின்விசிறி பூட்டவேண்டும் என்றும் ஒன்று இருக்கிறது. அதை யாரும் மதிப்பதில்லை.

வட்டக்கச்சியில் ஒரு கிளை வாய்க்காலின் கடைசிக் கதவைத் தானாகத் திறந்து மூட, சேர் ஒரு பெட்டி செய்திருந்தார். அதற்குள் ஒரு சின்னக் கணினி. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று உணரி அளந்து சொல்லும். கணினி கதவை இயக்கும். உணரியின் பேச்சைக் கேட்கும் நிரலை, சேர் இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குள்ளேயே எழுதிவிட்டார். வெளியே எழுதியிருக்கலாம். வெளியே எழுதினால் ஆய்வறிக்கையின் தலைப்பில் கேர்னல் என்ற சொல் வராது.

விவசாயிகள் கை வைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று, கதவைக் கையால் சுற்றித் திறக்கும் சில்லையும் கழற்றித் தன் அலுமாரிக்குள் பூட்டிவைத்தார்.

பெட்டி அடிக்கடி உறைந்துபோனது. தண்ணீர் முறை இல்லாத நாட்களில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். முறை வந்து தண்ணீர் வரும்போது பெட்டி உறைந்து, கதவு மூடிக் கிடக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் பரமலிங்கத்தாரின் வயல். அவருடைய மகள் கஜனி எங்கள் வகுப்பு. பயிர் கதிர் தள்ளும் நேரத்தில் ஒரு முறைத் தண்ணீர் தவறிவிட்டது. அடுத்ததும் தவறினால் வெட்டுவதற்குப் பதர்தான் இருக்கும்.

சேர் காரணங்களை ஆராய்ந்தார். முதலில் மின்னழுத்தம் என்றார். பிறகு வெயில் என்று பெட்டிக்குத் தென்னோலைக் கிடுகால் கூரை போட்டார். பிறகு குரங்குகளைச் சந்தேகித்தார். கடைசியில் பெரிய நினைவகம் வாங்கிப் பூட்டினார். பெட்டி கொஞ்சம் பிந்தி உறைந்தது. அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்தார்.

கஜனி நிரலை வாசித்தாள். சேருடைய நிரலை வாசிப்பது எங்கள் பீடத்தில் கர்ப்பக்கிரகத்துக்குள் செருப்போடு போவதற்குச் சமம்.

பிழை இவ்வளவுதான். கேர்னல் என்பது சனசமூக நிலையத்தில், விழாவுக்கு வருகிறவர்கள் உட்காரக் கதிரை இரவல் கொடுக்கிறவர் மாதிரி. சேருடைய நிரல் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் நினைவகத்தில் ஒரு கதிரை வாங்கும். அளவு சரியாக வந்தால் திருப்பிக் கொடுக்கும். பிழையாக வந்தால், கோபத்தில் கதிரையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும். வாய்க்கால் காய்ந்தால் உணரி பிழையான அளவையே சொல்லும். ஆகவே தண்ணீர் இல்லாத நாட்களில் கதிரைகள் தீர்ந்து, தண்ணீர் வருகிற நாளில் கேர்னல் கையை விரித்துவிடும்.

இது பரிசோதனையில் ஏன் தெரியவில்லை என்றால், பரிசோதனை நடந்தது சேருடைய அறையில், ஒரு நீல வாளிக்குள். வாளி வற்றுவது மரியாதையில்லை என்று நாங்கள் முறை வைத்து நிரப்பினோம்.

கஜனி வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, வெறும் வாளிக்குள் உணரியை வைத்தாள். மத்தியானத்துக்குள் அறையில் இருந்த பரிசோதனைப் பெட்டி உறைந்தது. சேரைக் கூப்பிட்டாள்.

“வாளியில ஏன் தண்ணி இல்லை?”

“வாய்க்காலிலயும் இல்லை, சேர்.”

“பரிசோதனைக்கு ஒழுங்கான சூழல் வேணும் பிள்ளை. நிரப்பும்.”

“சேர், அளவு பிழைச்சால் எடுத்த நினைவகத்தை விடாமலே திரும்பி வருது. ஒரு வரி போட்டால் சரி.”

“அது நான் பிஎச்டிக்கு எழுதின நிரல்.”

“ஓம் சேர். அப்ப அதிலயும் இருக்கும்.”

நான் மேசைக்கு அடியில் குனிந்து, விழாத பேனாவைத் தேடினேன். சேர் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

வரி தயார். ஆனால் வாய்க்கால் பெட்டிக்குள் இங்கிருந்தே புதிய கேர்னலை ஏற்றும் கடவுச்சொல் சேரிடம் மட்டும்தான் இருந்தது. நாளை மறுநாள் தண்ணீர் முறை.

“இந்தாளுக்கு எப்பிடியடா விளங்கப்படுத்துறது?” என்றாள் கஜனி.

“விளங்கப்படுத்தாதை. நன்றி சொல்லு,” என்றேன்.

முகத்தைச் சுளித்தாள். ஆனால் போனாள்.

“சேர், போன கிழமை விரிவுரையில நீங்கள் ஒண்டு சொன்னனீங்கள். எடுத்ததை எந்த வழியால போனாலும் திருப்பிக் குடுக்கோணும் எண்டு. அதை வச்சுத்தான் இந்த வரியைப் போட்டனான். பெரிய நன்றி, சேர்.”

போன கிழமை சேர் விரிவுரைக்கே வரவில்லை. ஆனால் நினைவகத் தட்டுப்பாடு கேர்னலுக்குத்தான். சேருக்குள் நடக்காதவற்றுக்கும் தாராளமாக இடம் இருந்தது.

“சொன்னனான்தான்,” என்றார். “ஒருத்தரும் குறிப்பெடுக்கேல்லை.” கையால் மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்தார். அப்படியும் தெரிந்தது: பட்டத்தோடு சேர்த்துத் தன் பெயரையே வைத்திருந்தார்.

முறை நாளன்று பரமலிங்கத்தார் தொலைபேசியில் கூப்பிட்டார். “பிள்ளை, கதவு திறந்திட்டுது. வரம்பு முட்டத் தண்ணி.” கஜனி சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்று முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்றாள். மின்விசிறி இல்லாதபடியால் நம்பினேன்.

அறுவடைக்குப் பிறகு சேருக்குப் பாராட்டு விழா. கதிரைகள் சனசமூக நிலையத்தில் இரவல். கேர்னலின் ஆழத்தில் பிழையைத் தனியாளாகத் துரத்திப் பிடித்த கதையைச் சேர் நீளமாகச் சொன்னார். குரங்குகளை மட்டும் விட்டுவிட்டார். விவசாயிகள் சார்பில் பரமலிங்கத்தார் பொன்னாடையோடு எழும்பினார்.

“தண்ணி வந்தது, சேர். பயிர் தப்பிட்டுது. பெரிய உபகாரம்.”

சேர் பொன்னாடைக்குத் தலையைக் குனிந்தார். பரமலிங்கத்தார் போர்த்திவிட்டு, தோளிலிருந்து கையை எடுக்காமலே ஒலிவாங்கியில் சொன்னார்:

“அலுமாரிக்குள்ள கிடக்கிற அந்தக் கதவுச் சில்லையும் தந்தியளெண்டால், நாங்கள் நிம்மதியாய் நித்திரை கொள்ளுவம்.”

சனம் கைதட்டியது. பாராட்டு என்று நினைத்து, சேரும் தட்டினார்.