அலாஸ்காவை விற்ற மத்தியானம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1867இல் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. அதைக் கைமாற்றிய விழாவில் ரஷ்யக் கொடி கம்பத்தில் சிக்கிக்கொண்டு இறங்க மறுத்ததாம். அந்த ஒரு வரியை வாசித்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கதை. இப்படித் தொடங்கினேன்:

"சிட்கா துறைமுகத்தில் பனி பெய்துகொண்டு..."

நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை. கண்டி மழைதான் தெரியும். ஆகவே வரியை அடித்துவிட்டு அலாஸ்காவைக் கண்டிக்குக் கொண்டுவந்தேன். (எழுதுகிறவர்களுக்கு இருக்கும் ஒரே வசதி.)

2

கஜலட்சுமி கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் வரலாற்று ஆசிரியை. ஆசிரியர் நாடகப் போட்டியில் நாலு வருடம் தொடர்ந்து தோற்றவள். இந்த முறையும் பரிசில்லையென்றால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று வீட்டில் அறிவித்துவிட்டு, அலாஸ்கா விற்பனையை நாடகமாக எழுதினாள். ரஷ்யத் தளபதியாகப் பாடசாலை அதிபர் ஸ்ரீதரன். அமெரிக்கத் தளபதியாகக் கணக்கு ஆசிரியர் பஹ்மி. காலங்காலமாக அங்கே வாழ்ந்த மக்களுக்காக ஒரே ஒரு ஆள்: தினமும் கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் சிற்றூழியர் அழகமுத்து.

"நான் என்ன பேசணும் டீச்சர்?"

"ஒண்ணும் பேச வேணாம் அண்ணே. ஓடத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாப் போதும்."*

(அழகமுத்து தேவையா என்று எனக்கே சந்தேகம். இரண்டு தடவை வெட்டினேன். மேடையில் கம்பம் நட ஆள் வேண்டியிருந்ததால் திரும்பி வந்தார்.)

* அன்று அந்த மக்கள் ஓடங்களில் இருந்தபடி பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள்.

3

கொடி சிக்குவதைக் கஜலட்சுமி நாடகத்தில் சேர்க்கவில்லை. நடுவர்கள் கேலி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். போட்டி மேடையில் கொடி தானாகவே சிக்கியது.

ஸ்ரீதரன் கயிற்றை இழுத்தார். அசையவில்லை. "பஹ்மி, உந்தக் கயிறை நீரும் ஒருக்கா இழும்" என்று கிசுகிசுத்தது மண்டபம் முழுக்கக் கேட்டது. ரஷ்யாவும் அமெரிக்காவும் சேர்ந்து இழுக்க, கம்பம் சாய்ந்தது. சிரிப்பு அலையலையாக எழுந்தது. திரைக்குப் பின்னால் கஜலட்சுமி ஐந்தாவது தோல்வியை எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அழகமுத்து ஓடத்தை விட்டு எழுந்தார். நீலத் துணிக் கடலின் மேல் நடந்துவந்து, கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். கொடி அவர் கைக்கு வந்தது. கைதட்டல். அவர் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"எங்க தோட்டம் நாலு கம்பனிக்குக் கைமாறிருச்சு" என்றார் தளபதிகளிடம். "ஒவ்வொரு வாட்டியும் லயத்து வீடுகளோட எங்களையும் சேத்துத்தான் குடுத்தாங்க. ஒருத்தரும் எங்களக் கேக்கல. நீங்களாவது இங்க உள்ளவங்களக் கேட்டீங்களா?"

பஹ்மி தான் நடிப்பதையே மறந்துவிட்டார்.

"இல்ல. நாங்க கேக்கல்ல."

4

முதல் பரிசு. "ஓடக்காரரின் அந்தக் கடைசி வசனத்துக்காகவே கொடுக்கிறோம். எழுதியவர் மேடைக்கு வரலாம்" என்றார் நடுவர்.

"போங்கோ ரீச்சர், உங்களைத்தான்" என்றார் ஸ்ரீதரன்.

முடிவு அ: கஜலட்சுமி ஒலிவாங்கியில் உண்மையைச் சொல்கிறாள். (எழுதிப் பார்த்தேன். பொய். அவள் "நன்றி" என்றாள், கோப்பையை வாங்கினாள், கன்னம் சுட உட்கார்ந்தாள்.)

முடிவு ஆ: அழகமுத்து பெருந்தன்மையாகச் சிரித்து, "பரவாயில்ல டீச்ச..."

அடித்துவிட்டேன். அவர் சார்பில் பெருந்தன்மை காட்ட நான் யார்?

5

நடந்தது இதுதான். மேடைக்குப் பின்னால் அவர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கஜலட்சுமி போய் நின்றாள்.

"அண்ணே, அது நீங்க பேசினது. நான் எம் பேர்ல வாங்கிட்டேன்."

"பாத்தேன் டீச்சர்."

"நாளைக்கே நடுவர்கிட்ட எழுதிக் குடுக்கிறேன். நாடகத்தப் புத்தகமாப் போடக் கேக்குறாங்க. நீங்க பேசினத உங்க பேரோட அதுல போடலாமா?"

அழகமுத்து கயிற்றை முழுக்கச் சுற்றி முடித்துப் பைக்குள் வைத்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்."

கலஹா பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

கடிதத்தை அவள் மறுநாளே கொடுத்துவிட்டாள். மூன்று வாரமாகிறது. தினமும் காலையில் அவரிடம் கேட்கிறாள். "இன்னும் யோசிக்கிறேன் டீச்சர்" என்று தேநீரை ஆற அமரக் குடிக்கிறார். அச்சகம் காத்திருக்கிறது. அதிபர் காத்திருக்கிறார். நானும்தான், ஏனென்றால் அவர் பேச்சை மேலே மூன்றாம் பகுதியில் கேட்காமலே போட்டுவிட்டேன், நீங்களும் வாசித்துவிட்டீர்கள்.

கலஹா பஸ்ஸில் அவரைக் கண்டால் நீங்களே கேளுங்கள். வேண்டாம் என்றால் மூன்றாம் பகுதியைக் கிழித்துவிடுங்கள். பதில் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், தயவுசெய்து அவசரப்படுத்த வேண்டாம்.