குட்டிக்கு அளவெடுத்த நாள்

சின்னதையே பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு மூளை குழம்பிவிட்டது. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு நாளெல்லாம் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். ஒருநாள் வந்து, "நாய் வளர்க்கலாமா?" என்றார். மகள் பின்னால் நின்று தலையாட்டினாள். அப்பாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், தெரியாதா எனக்கு?

போட்டோவைக் காட்டினார்கள். கிரேட் டேன் ஜாதியாம். ஒரு சோபாவை முழுசாக அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. பெயர் மட்டும் குட்டி!

"இது நாயா, கன்னுக்குட்டியா? நமக்கு இருக்கறதே ரெண்டு ரூம். அதுல ஒண்ணுல என் தையல் மெஷின்."

"இத வளர்க்கற பல் டாக்டரம்மா வெளியூருக்கே குடி போறாங்க. நம்ம வீட்டையும் ஆளுங்களையும் பாத்துப் பிடிச்சாதான் தருவாங்களாம்" என்றார்.

அப்படியா சேதி! நானாக மறுத்தால் மகள் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வருகிறவர் மறுத்தால் பழி எனக்கில்லையே. அவருக்குப் பிடிக்காமல் போகச் செய்வது என் பொறுப்பு என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரம்மா ஒரு கேள்வித்தாளோடு வந்தார். பின்னாலேயே குட்டி. உள்ளே வந்ததும் சுவரோரம் ஒண்டிக்கொண்டது.

"பகல்ல வீட்ல யாராவது இருப்பீங்களா?"

"நான் எங்க போறது? விடிஞ்சா மெஷின்தான். தடதடன்னு ஒரே சத்தம்" என்று அலுத்துக்கொண்டேன்.

"ரொம்ப நல்லது. தனியா இருந்தா இவனுக்குப் பயம்." ஒரு டிக்.

"தோட்டம்?"

"துளிகூடக் கிடையாது."

"பரவாயில்ல. ரெண்டு வேளை நடத்திக் கூட்டிட்டு வந்தாப் போதும், படுத்தே கிடப்பான். மகா சோம்பேறி." இன்னொரு டிக்.

"மாடிப்படி?"

"மாடியே இல்லாத வீடுங்க இது."

"அப்பாடா! படி ஏறி இறங்கினா இந்த உடம்புக்கு மூட்டு தாங்காது."

பெரிய நாயைப் பற்றி எனக்கு அ, ஆ கூடத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் போட்ட முட்டுக்கட்டை எல்லாம் அவருக்கு வசதியாகப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"நான் கண்டிப்பான ஆளு. கொஞ்சறதெல்லாம் என்கிட்ட நடக்காது" என்று கடைசி அம்பையும் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து குட்டி எழுந்து வந்து என்மேல் சாய்ந்தது. முழு எடையும். நாற்காலியோடு அரை அடி நகர்ந்தேன். அதன் விலா நடுங்குவது என் தோளில் தெரிந்தது.

"பயந்தா இப்படித்தான் சாய்வான்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு வீட்ல குடுத்துப் பாத்தேன். காவலுக்கு ஆகாது, பயந்தாங்கொள்ளின்னு திருப்பி விட்டுட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆசையாக வாங்கிக்கொண்டு போய்விட்டுத் திருப்பி விடுவார்களாம்! அந்த இரண்டு வீட்டுக்காரர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "வீடு சரிதான். ஆனா நீங்க பதில் சொன்ன விதத்தப் பாத்தேன். உங்களுக்கு இஷ்டமில்ல. மூணாவது தடவையும் இவன் திரும்பி வந்தா என்னால தாங்க முடியாதும்மா."

தாளை மடித்துவிட்டுக் குட்டியின் கழுத்து வாரைப் பிடித்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் நினைத்தது அப்படியே நடந்துவிட்டது. எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்று எழுந்து, மெஷின்மேல் கிடந்த அளவு டேப்பை எடுத்து, குட்டியின் மூக்கு நுனியில் வைத்தேன்.

"அம்மா டேப்பை வச்சிட்டாங்க!" என்று மகள் கத்தினாள். தைத்துத் தருவேன் என்று முடிவாகாமல் யார்மேலும் நான் டேப்பை வைப்பதில்லை. தெருவுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது.

முதுகு தாண்டி, வாலுக்கு முன்னாலேயே டேப் தீர்ந்துவிட்டது.

"ஏங்க, சிரிச்சது போதும். இங்க ஒரு விரலை வைங்க, மிச்சத்த அளக்கணும்" என்றேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"இவனுக்கு மெத்தை தைக்கணும். மெஷினுக்குப் பக்கத்துல போட." வால் வந்து என் முகத்தில் அடித்தது. "அளவெடுத்தவங்கள நான் திருப்பி அனுப்பினதே இல்ல, டாக்டர்."