ஆவி படியாத கண்ணாடி

என் கணவர் மயூரதனுக்கு ஒரு கண்தான் தெரியும். இடது கண் பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் பந்து பட்டுப் போனது. இலங்கைத் தமிழன் என்றதும் இங்கே ஆஸ்திரேலியாவில் எல்லோரும் அது சண்டையில் போனது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பந்துதான் என்று அவர் சொன்னாலும் நம்புவதில்லை. மிச்சமிருக்கிற வலது கண்ணுக்கும் தடித்த கண்ணாடி. அதை என் கண்போலப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். எனக்கு இரண்டு இருக்கின்றன. அதைவிடக் கவனமாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

2012 ஜூலையில் ஒருநாள் வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்றார். அவரோடு வேர்ஹவுஸில் வேலை செய்யும் கிரெய்குக்குக் கல்யாணமாம். அதற்கு முன்னால் ஆண்கள் எல்லாம் சேர்ந்து பெயின்ட்போல் விளையாடப் போகிறார்களாம். சாயம் நிரப்பிய குண்டுகளால் ஒருவரையொருவர் சுடுகிற விளையாட்டு.

"என்னையும் கூப்பிட்டவங்கள், பாமா."

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடத்தில் யாரும் அவரை எங்கும் கூப்பிட்டதில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடக் காருக்குள் இருந்து தனியாகத்தான் சாப்பிடுவார். 'வேண்டாம்' என்று வாய்வரை வந்ததை அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"முகமூடியை நான்தான் பாத்து வாங்குவன்," என்றேன்.

ஒரு கிழமை, ஏழு நாளும், இணையத்தில் கிடந்தேன். ஏர்சொஃப்ட் என்று பிளாஸ்டிக் உருண்டை சுடுகிற இன்னொரு விளையாட்டு உண்டு. இங்கே அதற்கு அனுமதி இல்லை. ஆனாலும் கண்ணாடியில் ஆவி படிவதைப் பற்றி அமெரிக்காவில் அதை விளையாடுகிறவர்கள் எழுதித் தள்ளியிருந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: முகமூடி இல்லாமல் கண் போவது குறைவு. மூச்சுச் சூட்டில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போக, ஒரு நிமிடம்தானே என்று அதைத் தூக்குவார்கள். அப்போதுதான் போகும்.

சனிக்கிழமை அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் முதலில் கம்பிவலை வைத்த ஒன்றை எடுத்தார். அதில் ஆவி படியவே படியாது, ஆனால் வெடித்த குண்டின் சாயம் உள்ளே தெறிக்கும். தள்ளி வைத்தேன். அடுத்தது ஒற்றைக் கண்ணாடி. வாயருகே பிடித்து 'ஹா' என்று ஊதினேன், வெள்ளையாகிவிட்டது. மூன்றாவது இரட்டைக் கண்ணாடி, நடுவில் காற்று. அவருடைய மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே அதை மாட்டி, வெளியே கார் நிறுத்துமிடத்தைக் காட்டி "ஓடுங்கோ" என்றேன். பாவம், பத்துச் சுற்று ஓடினார். சனம் பார்த்தது. ஆவி படியவில்லை. அதையே வாங்கினோம்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளையும் கழுவாமல் பாவிப்பதில்லை. கடையில் யார் யார் போட்டுப் பார்த்தார்களோ! விளையாட்டுக்கு முதல்நாள் மாலை, பாத்திரம் கழுவும் திரவம் விட்ட சுடுதண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஹீட்டருக்குப் பக்கத்தில் காயவைத்தேன். காலையில் பார்த்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் போய்த் துளித் துளியாக நின்றது. தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது என்று பெட்டிக்குள் இருந்த துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தது. அமெரிக்காக்காரர் எழுதியதையெல்லாம் படித்தவளுக்கு அதைப் படிக்க நேரம் இல்லை.

மயூரதன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவாயில்லை. அங்கை வாடகைக்குக் குடுப்பினம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன்.

"பரவாயில்லை எண்டு சொல்லாதையுங்கோ! நீங்கள் போகவேண்டாம்."

கதிரையில் குனிந்திருந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். நிமிரவில்லை.

"அவங்கள் என்னைக் கூப்பிட்டவங்கள், பாமா."

கார்ச் சாவியை எடுத்தேன். நாங்கள் இருக்கும் வெரிபீயிலிருந்து விளையாட்டு மைதானம் வரை நானே ஓட்டினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கேட்டேன்.

"ஆவி படிஞ்சால் என்ன செய்வியள்?"

"கையைத் தூக்குவன். உடனை சுடுறதை நிப்பாட்டுவாங்கள்."

"முகமூடியைத் தொடுவியளோ?"

"தொடமாட்டன்."

ஐந்தாவது விளக்கில் நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வாடகைக்குக் கொடுத்தது ஒற்றைக் கண்ணாடி. ஊதிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குளிரோ எலும்பைக் கடித்தது. பார்வையாளர் வலைக்குப் பின்னால் நான் ஒருத்திதான் நின்றேன். விசில் அடித்ததும் மரங்களுக்கு நடுவே ஓடினார். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினார். ஆஸ்திரேலியாவுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

பத்து நிமிடம் போயிருக்கும். திறந்த வெளியின் நடுவில் சட்டென்று நின்றுவிட்டார். முகமூடி முழுக்க வெள்ளை. வலது கை முகத்தை நோக்கிப் போனது. வலையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

கை முகத்தைத் தாண்டித் தலைக்கு மேலே உயர்ந்தது. மற்றக் கை பின்னால் பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. தூக்கிய கையைக் கவனிக்காத யாரோ சுட்டான். ஒன்று நெஞ்சில், ஒன்று தோளில், ஒன்று சரியாக வலது கண்ணுக்கு நேரே. செம்மஞ்சள் சாயம் வழிந்தது. அவர் அசையவே இல்லை.

விசில் அடித்தார்கள். கிரெய்க் ஓடிவந்து, "மயூ, இது நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அவர் கையைப் பிடித்தான். வேர் இருக்கிற இடம், பள்ளம் இருக்கிற இடம் என்று சொல்லிச் சொல்லி வலைக்கு வெளியே கூட்டிவந்தான். நான் முகமூடியைக் கழற்றினேன், மூக்குக்கண்ணாடியையும் கழற்றினேன். வலது கண் சிவந்து, நீர் கட்டி, இமைத்தது. என்னைப் பார்த்தது.

"இந்தக் கை முகமூடியைத் தூக்கத்தான் பாத்தது, பாமா. அதுதான் பெல்ட்டிலை பிடிச்சு வச்சிருந்தனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதையும். எல்லாரும் பாக்கிறாங்கள்."

"பாக்கட்டும்."

கிரெய்க் தன் முகமூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். இரட்டைக் கண்ணாடி. மூன்று தரம் ஊதிப் பார்த்தேன், தெளிவாக இருந்தது.

"மயூ இதைப் போடட்டும். எனக்கு இரண்டு கண் இருக்கு," என்று சாயம் வழிந்த வாடகை முகமூடியைத் தான் போட எடுத்துத் துடைக்கத் தொடங்கினான் அந்த மாப்பிள்ளை. இரண்டு இருந்தால் ஒன்று போகலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஆவி படிந்தால் என்ன செய்வாய்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

விழித்தான். மயூரதன் அவன் காதில் ஏதோ சொன்னார்.

"கையைத் தூக்குவேன்," என்றான் கிரெய்க்.

"முகமூடியைத் தொடுவாயா?"

"தொடமாட்டேன்."

இரண்டு பேருக்கும் முகமூடி வாரை நானே இறுக்கிவிட்டேன்.

"போயிட்டு வாங்கோ."