இரண்டு பேர், ஐந்து நாள்

ஒரே பெரிய கட்டிலா, தனித்தனிக் கட்டிலா என்று ஹோட்டலின் இணையப் பக்கம் கேட்டது. நான் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினேன். சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மாமா, மறுமுனையில் அத்தை. இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தனித்தனின்னு போடு. அவருக்குக் குறட்டை" என்றார் அத்தை.

"ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்குன்னு சொல்லிடும்மா" என்றார் மாமா.

இருவருக்கும் நடுவே ஐந்தடிகூட இருக்காது. காதும் இருவருக்கும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் ஒரு வாக்கியம் என் வாய் வழியாகப் போனால்தான் அது சொல்லப்பட்டதாக அர்த்தம்.

"அத்தை, மாமாவுக்கு ஜன்னல் பக்கம் வேணுமாம்."

"எடுத்துக்கச் சொல்லு. காலைல ஆறு மணிக்கே வெயில் மூஞ்சியில அடிக்கும்போது தெரியும்."

"மாமா, எடுத்துக்கங்க."

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒன்பது வருஷமாகிறது. வந்த மூன்றாம் நாள் என் கணவர் என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை, பயப்படாதே, பழகிவிடும் என்றார். அதுவரை அந்தத் தூது வேலை அவருடையது. ஒரே பிள்ளை, வேறு வழி இருந்திருக்காது. ஒரு மாதத்துக்குள் வேலையை முழுசாக என் தலையில் கட்டிவிட்டு அவர் நிம்மதியாகச் செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தார். எனக்கும் அது பெரிய சிரமமாகத் தெரியவில்லை. சமையலறை அலமாரிகள் வடிவமைத்துக் கொடுக்கும் கடையில் நான் வேலை பார்க்கிறேன். அளவெடுக்கப் போகிற வீடுகளில், பாத்திரம் கழுவும் தொட்டி ஜன்னலுக்குக் கீழே வரவேண்டும் என்று மனைவி சொல்வார், கூடாது என்று கணவர் சொல்வார். இரண்டு பேரும் என்னிடம்தான் சொல்வார்கள். டேப்பைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டுவது எனக்குச் சம்பளம் வாங்கிப் பழகிய வேலை.

மாமா வானிலை நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம் பணிபுரிந்தவர். புல்வெளி நடுவே கால் முளைத்து நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்துப் பென்சிலால் எழுதவேண்டும். பேனா கூடாது, மழையில் கரைந்துவிடும். கூட வேலை பார்த்தவர்கள் அவரை 'டிகிரி சார்' என்று கூப்பிடுவார்கள். தன் கையால் எழுதிய அதிகபட்ச வெயில் நாற்பத்து மூன்று புள்ளி ஆறு என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு குறை. பணி ஓய்வு பெற்றபின் தொலைக்காட்சியில் ஒரு பாலைவன நகரத்தைப் பார்த்தார். மணலுக்கு நடுவில் கண்ணாடிக் கட்டடங்கள், வரிசையாக நட்ட பேரீச்சை மரங்கள், நீச்சல்குளங்கள். குளிர்காலத்தில் உலகமே அங்கே போய்க் குவிகிறது. கோடையில் ஈ காக்கை இருக்காது. நாற்பத்தொன்பது டிகிரி. குளத்துத் தண்ணீரை அங்கே குளிரூட்டித்தான் வைத்திருக்கிறார்களாம். அந்தக் கோடையில்தான் போகவேண்டும் என்றார் மாமா. தனியாகவே போகிறேன் என்றார்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார். "அந்த வெயில்ல தனியா விட்டா அரை மணி நேரத்துல சுருண்டு விழுவார். தூக்கிட்டு வர ஆள் வேணுமில்ல? நானும் வர்றேன்னு சொல்லு."

அத்தை முப்பத்து நான்கு வருஷம் செவிலியராக இருந்தவர். கடைசிப் பதினைந்து வருஷம் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பு. யாரைப் பார்த்தாலும் முதலில் நகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம்.

அப்படித்தான் அது ஒரு தம்பதியின் சுற்றுலாவாக ஆயிற்று. எங்களுக்கு விடுப்பு கிடைக்காது. அவர்கள் மட்டும் ஐந்து நாள். மாமா கோடு போட்ட தாளில் மணிவாரியாக ஓர் அட்டவணை தயாரித்து என்னிடம் கொடுத்தார், நான் அத்தையிடம் கொடுத்தேன். அத்தை பதினொன்று முதல் நாலு வரை எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'கிறுக்கா?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். தாளை மடித்து வைத்துக்கொண்டு, "பகல்ல வெளியே வேண்டாம்னு நினைக்கறாங்க மாமா" என்றேன். சரி, ஒரே ஒரு நாள் மட்டும், பிற்பகல் இரண்டு மணிக்கு, பத்து நிமிஷம் வெயிலில் நிற்கிறேன் என்றார் மாமா. "அஞ்சு நிமிஷம். தலையில ஈரத்துணி. பக்கத்துல நான் நிப்பேன்" என்றார் அத்தை. இந்த ஐந்து நிமிஷத்தை முடிவுசெய்ய எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. ஹோட்டல் படிவத்தில் பயணத்துக்கு விசேஷக் காரணம் உண்டா என்று ஒரு கட்டம். தேனிலவு, திருமண நாள், பிறந்தநாள் என்று மூன்றுதான் இருந்தன. எதையும் தொடாமல் விட்டேன்.

"அங்க யார் இவங்களுக்கு நடுவுல நிப்பா?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"பசிச்சா பேசுவாங்க" என்றார் அவர், செய்தித்தாளைத் திருப்பியபடி.

அவர்கள் பேச்சு நின்றது ஒரு கடிதத்தால். பதினொரு வருஷத்துக்கு முன் அத்தைக்குத் தலைநகரத்துப் பெரிய மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு வந்தது. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். கடிதம் வந்தபோது அத்தை வேலையில் இருந்தார். மாமா கையெழுத்துப் போட்டு வாங்கினார். நாலு மாதம் கழித்து, அத்தை எதையோ தேடப் போன இடத்தில் அந்தக் கடிதம் கிடைத்தது. மறந்துவிட்டேன் என்றார் மாமா. அத்தை கத்தவில்லை, அழவில்லை. கடிதத்தை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றோடு சரி. அதே வார்டில் அதே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றார். இதெல்லாம் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு மாலை மாமா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நாலு பருத்திச் சட்டைகள், ஒரு தொப்பி. கதவைச் சாத்தச் சொன்னார்.

"உன் அத்தைகிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"சொல்லுங்க மாமா."

"அந்த லெட்டரை நான் மறக்கல."

அவர் ஒரு சட்டையை எடுத்து, ஏற்கெனவே மடித்திருந்ததை உதறி மறுபடி மடித்தார்.

"ஒளிச்சுத்தான் வச்சேன். போனா அவ அங்கேயே இருந்துடுவான்னு தோணிச்சு. பெரிய எடம், பெரிய வேலை. அப்புறம் இங்க திரும்பி வர்றதுக்கு என்ன இருக்கு? நான் ஒரு பெட்டியைத் திறந்து மூடறவன்." பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். "இதை அவகிட்ட சொல்லிடு. கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடு. இதை மனசுல வச்சுக்கிட்டு அஞ்சு நாள் ஒரே ரூம்ல என்னால இருக்க முடியாது."

ஒன்பது வருஷத்தில் நான் எவ்வளவோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அத்தையின் அண்ணன் இறந்த செய்தியைக்கூட நான்தான் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று, "நான் இருக்கேன்னு அவகிட்ட சொல்லு" என்றார். பக்கத்து அறைக்குப் போய், "மாமா இருக்காராம் அத்தை" என்று சொன்னேன். சொன்ன உடனே எனக்கே கூசியது. வீட்டில் இருக்கிறாரா வெளியே போயிருக்கிறாரா என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொன்னதுபோல் இருந்தது. அத்தை தலையை மட்டும் ஆட்டினார்.

"இதை நான் சொல்லமாட்டேன் மாமா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இதுவரை எதற்கும் மாட்டேன் என்றதில்லை.

"நீங்களே சொல்லுங்க."

"அப்ப டிக்கெட்டை ரத்து பண்ணிடு" என்றார். பெட்டியை மூடினார்.

திங்கட்கிழமைக்குள் ரத்து செய்யலாம் என்று ஹோட்டலின் பக்கத்தில் போட்டிருந்தது. அன்று வெள்ளி. சமையலறைக்கு வந்து அத்தையிடம், மாமா பயணம் வேண்டாம் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். அத்தை கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "ஏனாம்? கேட்டுட்டு வா" என்றார்.

"நீங்களே கேளுங்க அத்தை."

கோபத்தில் சொன்னதல்ல. ஒருவருக்கு மாட்டேன் என்றுவிட்டு இன்னொருவருக்கு ஓடுவது நியாயமில்லை என்று பட்டது, அவ்வளவுதான். ஆனால் வாயை மூடியபின் திறக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை முழுக்க நான் யாருடைய பேச்சையும் யாரிடமும் கொண்டுபோகவில்லை. சமையல் எரிவாயுவுக்கு மாமா சொல்லியிருப்பார் என்று அத்தையும், அத்தை சொல்லியிருப்பார் என்று மாமாவும் இருந்துவிட, மதியம் அடுப்பு அணைந்தது. பால்காரருக்கு இருவருமே பணம் கொடுத்திருந்தார்கள். "நீ நல்லாத்தானே இருந்தே, உனக்கு என்ன ஆச்சு?" என்றார் என் கணவர். "உங்க வேலைதானே, நீங்க பாருங்க" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிறு காலை மாமா தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுச் செய்தி கேட்க உட்கார்ந்தார். தொட்டி நிறைந்து, மாடிச் சுவர் வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. சமையலறை ஜன்னலில் அது திரைபோல் விழுவதை நானும் அத்தையும் பார்த்தோம்.

"மோட்டாரை நிறுத்தச் சொல்லு."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து நறுக்கினேன். தண்ணீர் துணிக்கொடியில் விழுந்தது, காயப்போட்டிருந்த போர்வையில் விழுந்தது, பிறகு படியில் இறங்கியது. அத்தை என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். விருட்டென்று எழுந்து கூடத்துக்குப் போய், மாமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் புகுந்து, சுவரிலிருந்த மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவந்து உட்கார்ந்தார். கீரைக்கட்டை எடுத்துப் பிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் மாமா வந்து நின்றார். நான் எழுந்து போகலாமா என்று யோசித்தேன். போக வழி இல்லை, வாசலை அவர் அடைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த லெட்டரை நான் மறக்கல" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அத்தை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பழுத்த இலைகளை ஒரு பக்கம் போட்டார். நல்ல இலைகளை ஒரு பக்கம் போட்டார். சுவரிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றார் அத்தை.

மாமா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மறந்து வைக்கறவர் அலமாரியில விரிச்ச பேப்பருக்கு அடியில வைப்பாரா? அன்னைக்கே தெரியும். நீங்க வாயத் திறந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஒரு நாள் பார்த்தேன், ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம் பார்க்கறதை விட்டுட்டேன்."

"நீ போயிடுவேன்னு..."

"போயிருப்பேன். நாலு ஊரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி. வாரத்துக்கு ஒருமுறை வந்திருப்பேன். நீங்களும் வந்திருக்கலாம். அங்கெல்லாம் வெயிலே அடிக்காதா?" இலையைக் கிள்ளும் வேகம் கூடியது. "இப்ப சொல்லிட்டதால ஒண்ணும் சரியாயிடல."

"இல்லதான்" என்றார் மாமா.

நறுக்கின வெங்காயத்தை நான் மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தேன். பதினொரு வருஷத்து மௌனம் உடைகிற இடத்தில் பெரிதாக ஏதாவது நடக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் அழவில்லை. மாமா போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

கட்டு முடிந்து, தண்டுகளைக் காகிதத்தில் சுருட்டியபின் அத்தை கேட்டார்.

"அந்த ஊர்ல ராத்திரி எத்தனை டிகிரி இருக்கும்?"

மாமா கதவுச் சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

"முப்பத்து மூணு. சில நாள் முப்பத்து நாலு."

"அப்ப போர்வை தேவையில்ல."

"ஏசி இருக்கும். ஒண்ணு எடுத்துக்க."

திங்கட்கிழமை நான் எதையும் ரத்து செய்யவில்லை. அவர்கள் அதன்பின் நிறையப் பேசினார்கள் என்று சொல்லமுடியாது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு வாக்கியம் இருக்கும், பாதி சண்டை. பழைய கடிதத்தைப் பற்றி ஒரு மதியம் அத்தை உரத்த குரலில் பேசியது மாடி வரை கேட்டது. மறுநாள் மாமா சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் சாப்பிட்டார். நான் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் பழக்கத்தில் என் பக்கம் திரும்புவார்கள், பிறகு ஒன்றும் இல்லை என்பதுபோல் திரும்பிக்கொள்வார்கள். எனக்குக் கை ஓடவில்லை. ஒருநாள் அத்தை, "நீ இத்தனை வருஷம் அவர் சொன்னதை அப்படியே சொல்லலை, இல்ல?" என்று கேட்டார். "இல்ல அத்தை" என்றேன். "அவர் அவ்வளவு மரியாதையா பேசறவர் இல்லைன்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளம்பும் நாள் காலை நானும் என் கணவரும் விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். பயணிகள் அல்லாதவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமே நிற்கவேண்டும். அவர்கள் உள்ளே போய் வரிசையில் நின்றார்கள். முதலில் முன்னும் பின்னுமாக நின்றார்கள். பிறகு அத்தை பின்னால் திரும்பி ஏதோ கேட்டார். மாமா கையை இடப்பக்கம் நீட்டிச் சொன்னார். அத்தை வலப்பக்கம் காட்டினார்.

"என்ன பேசறாங்க?" என்றார் என் கணவர்.

"கேக்கல" என்றேன்.

இரண்டு வாய்களும் ஒரே நேரத்தில் அசைந்தன. வரிசை நகர்ந்துவிட்டது. அவர்களுக்கு முன்னால் பளபளவென்று வெறும் தரை, அதன் முடிவில் ஒரு சிப்பந்தி கையை உயர்த்தி அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்கள்.